பவர் கட் என்றொரு நிறம்

பெரியவளுக்கும் சின்னவளுக்கும் நடுவில் பளபளவென்று துடைத்த தரை மட்டும்தான் இருந்தது. அந்தப் பெரிய கடையின் கீழ்த்தளத்தில், சென்ட் பாட்டில்களைத் தாண்டி உள்ளே வந்தால் இடப்பக்கம் அக்காவின் கவுண்டர், வலப்பக்கம் தங்கையின் கவுண்டர். இரண்டும் வேறு வேறு கம்பெனி. இரண்டிலும் லிப்கிளாஸ்தான் நன்றாக ஓடும் சரக்கு. இங்கே தும்மினால் அங்கே கேட்கும். அப்படியிருந்தும் இரண்டு வருடமாக அக்கா தங்கைக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

கடையில் இது யாருக்கும் உறுத்தவில்லை. எதிர்க் கம்பெனி ஆளோடு வேலை நேரத்தில் பேசக்கூடாது என்பது இரண்டு கம்பெனிக்கும் பொதுவான சட்டம். மற்ற பெண்கள் அந்தச் சட்டத்தைக் காற்றில் பறக்கவிட்டு, கழிப்பறை வாசலில் நின்று ஊர்வம்பெல்லாம் பேசித் தீர்ப்பார்கள். கூடப்பிறந்தவளைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல் நிற்கிற பெரியவளைக் கண்டு மேனேஜருக்குப் புல்லரித்துப் போய்விட்டது. "கட்டுப்பாடுன்னா என்னன்னு இவங்ககிட்ட கத்துக்கணும்" என்று ஒரு கூட்டத்தில் கைதட்டவே செய்தார். கட்டுப்பாடாம்! வீம்புக்கு அந்த மனிதர் வைத்த பெயர் அது.

பேச்சுதான் இல்லையே தவிர, தங்கையைப் பற்றி அக்காவுக்குத் தெரியாத சேதி ஒன்றும் இல்லை. எல்லாம் வாடிக்கைக்காரர்களின் கை வழியாக வந்து சேர்ந்துவிடும். லிப்கிளாஸ் வாங்க வருகிறவர்கள் ஒரு கடையோடு நிற்பதில்லை. அங்கே மணிக்கட்டின் உட்பக்கம் நாலு ஷேடைக் கோடு கோடாகப் போட்டுக்கொண்டு, நீட்டிய கையை மடக்காமல் அப்படியே எதிரே வந்து, "இதைவிட நல்லதா உங்ககிட்ட என்ன இருக்கு?" என்பார்கள். அந்தக் கோடுகளுக்குக் கீழே இவள் தன் கோடுகளைப் போட்டு, இது எடுப்பா அது எடுப்பா என்று ஒப்பிட்டுக் காட்டவேண்டும்.

கோடு போடுவதும் கையெழுத்து மாதிரிதான், ஆளுக்கு ஆள் வேறு. சின்னவளின் கோடு கொஞ்சம் சாய்ந்திருக்கும், முடிகிற இடத்தில் குட்டியாக ஒரு வால் இருக்கும். தலைவலி என்றால் வால் இருக்காது. வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் என்றால் குச்சியை அழுத்திவிடுவாள், கோட்டின் நடுவே தோல் தெரியும். சந்தோஷம் என்றால் கேட்கவே வேண்டாம், கம்பெனிச் சரக்கு என்ற நினைப்பே இல்லாமல் அப்பித் தள்ளியிருப்பாள். இப்படி யார் யார் மணிக்கட்டையோ பிடித்துக்கொண்டு பெரியவள் தன் தங்கைக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை கோடு நடுங்கியிருந்ததைப் பார்த்து, காய்ச்சலேதான் என்று முடிவுகட்டி, வாசல் செக்யூரிட்டி அண்ணனிடம் மாத்திரை கொடுத்தனுப்பினாள். "நான் குடுத்தேன்னு சொன்னீங்கன்னா அப்புறம் உங்க கூடவும் பேச மாட்டேன்" என்று ஒரு மிரட்டலும் சேர்த்து. அண்ணன் பாவம், ஒரு வீட்டுச் சண்டையை இன்னும் பெரிதாக்குவானேன் என்று வாயை மூடிக்கொண்டார்.

பேச்சு நின்ற கதை சின்னது. சின்னதாக இருந்ததுதான் அதில் கஷ்டமே. பெரிதாக இருந்திருந்தால் நாலு பேரைக் கூட்டிவைத்துச் சொல்லியாவது ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

பெரியவளுக்குப் பிறவியிலேயே கறுத்த உதடு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'கத்தரிக்கா' என்று பட்டப்பெயர். அதை முதலில் சொன்ன பையனின் கையைக் கடித்து வைத்தவள் சின்னவள். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு, அவன் ஆறாம் வகுப்பு. அப்பாவைப் பள்ளிக்கு வரவழைத்தார்கள். "மன்னிப்புக் கேளு" என்று எல்லோரும் சுற்றி நின்று மிரட்டியும், "அவன் முதல்ல எங்கக்காகிட்ட கேக்கட்டும்" என்று நின்ற இடத்திலேயே நின்றது அந்தக் குட்டிப் பிசாசு. அம்மா போன பிறகு ஒரே கட்டிலில், ஒரே போர்வைக்குள் வளர்ந்தவர்கள். ஒரே கண்ணாடியில் முட்டிமோதித் தலை வாரியவர்கள். வேலைக்கும் ஒன்றாகத்தான் சேர்ந்தார்கள், இப்போது பெரியவள் நிற்கிற இதே கவுண்டரில்.

பேச்சு நின்ற அன்றைக்குக் கல்லூரிப் பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி, "அக்கா, நீங்களே போட்டுக் காட்டுங்களேன்" என்று பெரியவளிடம் கேட்டாள். பக்கத்தில் நின்ற சின்னவள் சிரித்துக்கொண்டே, "ஐயோ, எங்கக்கா உதட்டுல எதைப் போட்டாலும் ஒரே கலர்தான். விளக்கை அணைச்ச மாதிரி!" என்றாள். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். அன்று வியாபாரமும் நன்றாகவே நடந்தது. சாயங்காலம் பஸ்ஸில் சின்னவள் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்ட, பெரியவள் பார்க்காதது போல முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஊரில் யார் சொன்னாலும் அவளுக்கு உறைத்திருக்காது. கடித்து வைத்த அதே வாய் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

"ஏன்க்கா பேச மாட்டேங்குற?" என்று சின்னவள் கேட்டாள். அழுதாள், கத்தினாள், காலைப் பிடித்தாள். பெரியவள் வாயைத் திறக்கவில்லை. தானாகத் தெரிந்து, தானாக வந்து கேட்கவேண்டும், நாம் எடுத்துக் கொடுத்து அவள் கேட்டால் அதில் என்ன இருக்கிறது என்பது அவளுடைய நியாயம். நியாயம் என்னவோ சரிதான். ஆனால் அந்த நியாயத்தோடு தனியாகக் கட்டிலில் படுத்துத் தூங்கவேண்டியிருந்தது. சின்னவள் வேலையை விட்டுவிட்டு எதிர்க் கவுண்டரில் போய்ச் சேர்ந்தாள். போட்டிக்குத்தான் போயிருக்கிறாள் என்று பெரியவள் இன்னும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

நடுவே சின்னவளுக்குக் கல்யாணமும் நடந்தது. பிடித்தவனைத்தான் கட்டிக்கொண்டாள், நல்ல பையன். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் முழுக்கப் பெரியவள்தான். கண்ணை மூடு என்று சொல்லவேண்டிய இடத்தில் விரலால் இமையைத் தட்டினாள். தலையைத் திருப்பு என்பதற்குத் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். வந்தவர்களெல்லாம் பெண் இவ்வளவு அழகா என்று மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். அதன்பிறகு சின்னவள் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பார்க்க வருவாள். பெரியவள் ஞாயிற்றுக்கிழமை வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். திரும்பி வந்து, சின்னவள் குடித்துக் கவிழ்த்து வைத்த டம்ளரில் தண்ணீர் குடிப்பாள். இதை யாரிடமும் சொல்லமுடியுமா?

அந்த வருடம் மழைக்காலத்துக்கு இரண்டு கம்பெனியும் ஒரே வாரத்தில் புது ஷேடுகளை இறக்கின. லிமிடெட் எடிஷன். இருக்கிற வரைக்கும்தான், தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி வராது. வராது என்று சொன்னதும் ஜனங்களுக்கு எங்கிருந்துதான் ஆசை வருமோ, மூன்று தளம் தாண்டி வரிசை நின்றது. பெரியவள் கவுண்டரில் எல்லாம் தின்பண்டப் பெயர்கள்: ஹனி பீச், சுகர் ரோஸ், வெனிலா கிஸ். வயதான அம்மாக்களிடம் அந்தக் கடைசிப் பெயரை முழுதாகச் சொல்ல இவளுக்கு நாக்குக் கூசும், வெறும் 'வெனிலா' என்று முடித்துவிடுவாள். சின்னவளின் கம்பெனியில் யாரோ குறும்புக்காரன் பெயர் வைத்திருந்தான். பளீர்ச் சிவப்புக்கு டிராஃபிக் சிக்னல். பொன் கலந்த ரோஜாவுக்கு ஃபர்ஸ்ட் சேலரி. இளம் ஆரஞ்சுக்கு விண்டோ சீட். நாலாவதாக ஒன்று, கறுப்பும் கத்தரிப்பூவும் கலந்தது. அதன் பெயர் பவர் கட்.

பெரியவளிடம் வந்த கைகளிலெல்லாம் அந்த நாலாவது கோடு இருந்தது. கையில் அதைப் பார்க்கச் சகிக்காது. சைக்கிள் செயினைத் தொட்ட கை மாதிரி இருக்கும். வாங்குகிறவர்கள் யாரும் அதைக் கேட்பதாகவும் தெரியவில்லை. மற்ற மூன்றும் வரிசையாக இருக்க, அது மட்டும் தள்ளி, மணிக்கட்டின் ஓரத்தில், தலைகீழாகப் போடப்பட்டிருந்தது. கையை நீட்டுகிறவருக்கு அது கோணல். எதிரே நின்று கையை வாங்கிப் பார்க்கிறவளுக்குத்தான் நேர்.

"இதென்னங்க பேரு?" என்று முதல்நாள் ஒரு பெண்ணிடம் கேட்டாள்.

"பவர் கட்டாம்!" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

பெரியவளுக்குச் சுருக்கென்றது. விளக்கை அணைத்த மாதிரி என்றவள் இப்போது கையில் எழுதி அனுப்புகிறாளா? கம்பெனியே அவளுக்குப் பெயரும் எடுத்துக் கொடுத்துவிட்டதா? அன்றிலிருந்து ஒவ்வொரு கையிலும் அந்தக் கோட்டை முதலில் துடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. "அது உங்களுக்கு நல்லா இல்லங்க" என்று ஒரு சமாதானம் சொல்வாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றிலும் வால் இருந்தது, நீளமாக, சந்தோஷமான நாளில் இருப்பதுபோல. அது வேறு எரிச்சலைக் கிளப்பிற்று. கிண்டல் பண்ணுவதில் இவ்வளவு சந்தோஷமா என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்த ஒரு சாயங்காலம், அப்பா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

"மாப்பிள்ளைக்கு மாத்தலாயிடுச்சு. இந்த வாரத்தோட சின்னவ வேலையை விடுறா. சனிக்கிழமை காலையில ரயிலு."

பெரியவள் கழுவி வைத்த தட்டை எடுத்து மறுபடி கழுவினாள். "எவ்வளவு தூரமாம்?" என்று குழாயைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகுமாம். வெள்ளிக்கிழமை ராத்திரி இங்கதான் படுக்கப்போறாங்க, அங்க வீட்டைக் காலி பண்ணிடுறாங்கல்ல."

"நான் அன்னிக்குக் கூட வேலை பாக்குற பொண்ணோட ரூமுக்குப் போயிடறேன். உங்களுக்கெல்லாம் இடம் பத்தாது."

அப்பா ஊசியைக் கீழே வைத்தார். "இடமா பத்தாது? ஏம்மா, பேசித் தொலைங்களேன் ரெண்டு பேரும். என் காலத்துக்குள்ள அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டுப் போறேனே."

அவள் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. இரண்டு வருடம் பேசாமல் இருந்தது பெரிய காரியமில்லை, ஏனென்றால் தலையைத் தூக்கினால் அவள் இருந்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குவதும், ஓயாமல் தண்ணீர் குடிப்பதும், வாடிக்கைக்காரர் போன பிறகு அவர்களைப்போலவே நடந்து காட்டிப் பக்கத்துப் பெண்ணைச் சிரிக்கவைப்பதும் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தன. இனிமேல் தலையைத் தூக்கினால் யார் இருப்பார்கள்? அங்கேயிருந்து எந்தக் கை வந்து சேதி சொல்லும்? அவள் வேண்டும் என்று பெரியவளுக்கு அப்போது அடிவயிற்றிலிருந்து தோன்றியது. வந்து ஒரே ஒரு வார்த்தை, 'அன்னிக்கு அப்படிச் சொல்லிட்டேன்க்கா' என்று சொல்லிவிட்டாளானால் போதும். அதைச் சொல்லாமல் ரயிலேறிவிடுவாளோ என்றுதான் பயமாக இருந்தது.

வியாழன் போயிற்று. சொல்லவில்லை. கோடுகள் மட்டும் வந்தன.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பல் டாக்டரம்மா வந்தார். அடிக்கடி வருகிறவர்தான், வாயாடி. நாள் முழுக்க வாயைத் திறந்துவைத்துக்கொண்டு பதில் பேசமுடியாமல் கிடக்கிறவர்களோடு பழகிப் பழகி, வெளியே வந்தாலும் பிறர் பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். எதிர்க் கவுண்டரிலிருந்து நேராக வந்து கையை நீட்டினார்.

பெரியவள் வழக்கம்போலப் பஞ்சை எடுத்தாள். "இந்த ஓரத்துல இருக்குறது உங்களுக்கு நல்லா இல்லங்க, துடைச்சிடறேன்."

"துடைக்காதீங்க, துடைக்காதீங்க. அது எனக்கில்ல. நான் கேக்கவும் இல்ல. அந்தப் பொண்ணேதான் போட்டுச்சு. 'இது உங்களுக்கு வராது டாக்டர், சும்மா இருக்கட்டும், எதிர்ல போவீங்கல்ல, அங்க கையைக் காட்டுங்க'ன்னுச்சு. எனக்கு வராததை எதுக்கும்மா என் கையில போடுறன்னு கேட்டேன்."

பஞ்சு பெரியவளின் விரலிலேயே நின்றது. "என்ன சொன்னா?"

"சொன்னா நம்பமாட்டீங்க. சிவப்பு உதட்டுல இது சேறு மாதிரி ஆயிடுமாம். கையில போட்டாலும் ஒண்ணும் தெரியாதாம். உள்ள செம்புப் பொடி கலந்திருக்காம், அது மினுக்கணும்னா அடியில கறுப்பு இருக்கணுமாம். 'எங்கக்காவுக்கு அப்படி ஒரு உதடு, அவளை நினைச்சுக்கிட்டே காய்ச்சின மாதிரி இருக்கு. சின்ன வயசுலேர்ந்து அந்த உதட்டைப் பாத்துதான் எனக்குப் பொறாமை. ஆனா அவ பாக்கவே மாட்டேங்குறா'ன்னு சொல்லுச்சு. சொல்லும்போது கண்ணு கலங்கிப்போச்சு அதுக்கு. நாளைக்கு வேற ஊருக்குப் போகுதாமே? யாருங்க அந்த அக்கா..."

டாக்டரம்மா நிமிர்ந்தார். தொழில் புத்தி, முகத்துக்கு முன்னால் வாயைத்தான் பார்த்தார். அப்புறம், வாழ்க்கையிலேயே முதல்முறையாக இருக்கும், பேச்சை நடுவில் நிறுத்திக்கொண்டார்.

பெரியவள் அவருக்கு என்ன காட்டினாள், அவர் என்ன வாங்கினார், ஒன்றும் அவளுக்கு நினைவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் மண்டைக்குள் சுற்றியது. சின்னவளுக்கு அது ஞாபகமே இல்லை. ஞாபகம் இருந்தால் விளக்கணைத்த கறுப்பில் ஒரு நிறத்தைத் தேடிப்பிடித்து, கை கையாக எழுதி, பார் பார் என்று அனுப்புவாளா? சொன்னவள் சொன்ன நிமிடமே மறந்துவிட்டாள். அந்தச் சிரித்த பெண்கள் மறந்திருப்பார்கள். உலகத்திலேயே அந்த வாக்கியம் இருந்தது ஓர் இடத்தில்தான். அதை உள்ளே வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்க வா என்று, வழியே தெரியாத ஒருத்தியை இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

டீ இடைவேளை வந்தது. பெரியவள் சட்டையிலிருந்து கம்பெனி பேட்ஜைக் கழற்றி மேஜை டிராயருக்குள் போட்டாள். அந்தப் பளபளப்புத் தரையில் நடந்தாள். வழுக்கிவிடுமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. எதிர்க் கவுண்டரின் உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

டிஷ்யூ மடித்துக்கொண்டிருந்த சின்னவள் நிமிர்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மேனேஜர் தூரத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். சின்னவள் அவரை ஒருமுறை பார்த்தாள், அக்காவை ஒருமுறை பார்த்தாள், தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வாங்க மேடம். என்ன பாக்குறீங்க?"

"புதுசா வந்திருக்காமே." பெரியவளுக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போலிருந்தது. "பவர் கட்."

"அதை யாரும் வாங்குறதில்ல மேடம்."

"பரவால்ல. காட்டுங்க." மணிக்கட்டைத் திருப்பி நீட்டினாள்.

சின்னவள் அந்தக் கையைத் தொடவில்லை. "இது கையில தெரியாது. உதட்டுலதான் போட்டுப் பாக்கணும்" என்றாள். உறையைப் பிரித்து, ஒருமுறை போட்டுவிட்டு எறிகிற புதுக் குச்சி ஒன்றை எடுத்தாள். கிளாஸில் தோய்த்தாள். கவுண்டரைச் சுற்றி வந்து, அக்காவின் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து முகத்தை விளக்குப் பக்கம் நிமிர்த்தினாள். விரல் சில்லென்றிருந்தது. சின்னவளுக்குப் பயம் வந்தால் எப்போதும் அப்படித்தான், பரீட்சை நாட்களில் போர்வைக்குள் அந்த விரல்களைப் பெரியவள்தான் தேய்த்துச் சூடேற்றுவாள்.

"வாயைக் கொஞ்சம் திறங்க. ம். இப்பப் பேசாதீங்க, அசைஞ்சா ஓரம் போயிடும்."

குச்சி மேலுதட்டின் நடுவில் பட்டது. மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தது. லிப்கிளாஸ் போட இவ்வளவு நேரம் ஆகாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

"சிவப்புக் குடை ஒண்ணு வச்சிருந்தியே" என்றாள் சின்னவள், கண்ணை உதட்டிலிருந்து எடுக்காமல். 'மேடம்' எங்கேயோ போய்விட்டிருந்தது. "பஸ்ல யாரோ எடுத்துட்டாங்கன்னு சொன்னேன்ல? யாரும் எடுக்கலக்கா. நான்தான் மறந்து விட்டுட்டு இறங்கிட்டேன். அதுவா?"

குடை விஷயம் பெரியவளுக்கு இன்றுதான் தெரியும்.

"உன் பிறந்தநாளை மறந்துட்டு அவரோட சினிமாவுக்குப் போனேன். அதுவா? நீ குறட்டை விடுவன்னு அவர்கிட்ட சொன்னேன், யார் மூலமாவது உன் காதுக்கு வந்துச்சா?" குச்சி கீழுதட்டுக்கு வந்தது. "அம்மா வளையல்ல பெருசை நான் எடுத்துக்கிட்டேன். அது என் கையில நிக்கவே மாட்டேங்குதுக்கா, கழண்டு கழண்டு விழுது. உனக்கே குடுத்துடறேன். அதுவா? ராத்திரி படுத்தா ஒண்ணொண்ணா எடுத்துவச்சுப் பாப்பேன். இது இருக்குமோ, அது இருக்குமோன்னு. பாத்தா எல்லாமே தப்பாத்தான் தெரியுது. எதுன்னுதான் தெரியல. எதிர்லயே போய் நின்னா, ஒரு நாள் கோவத்துலயாவது வந்து கத்தமாட்டியான்னுதான் இங்க வேலைக்குச் சேந்தேன். நீ கத்தக்கூட இல்ல."

பேசக்கூடாது, அசையக்கூடாது. திறந்த வாயோடு, கண்ணில் நீர் முட்ட, பெரியவள் தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்தில் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே புதிதாக ஒரு கருவளையம் இருந்தது. மணிக்கட்டுகளில் அது எதுவும் எழுதி வரவில்லை.

"என்னக்கா பண்ணேன் நான்?"

குச்சி உதட்டைவிட்டு விலகியது. இனி பேசலாம்.

அந்த வாக்கியம் நாக்கின் நுனிக்கு வந்தது. குளியலறையில், பஸ்ஸில், தனிக் கட்டிலில் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்த வாக்கியம். தேதி, நேரம், யார் யார் சிரித்தார்கள் என்பது உட்பட அப்படியே ஒப்பிக்கலாம். ஒப்பித்தால் இவள் துடித்துப்போவாள், மன்னிப்புக் கேட்பாள். கேட்டுவிட்டு, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு போவாள். போய்ச் சேர்ந்த ஊரில், தெரியாத வீட்டில், விளக்கை அணைக்கிறபோதெல்லாம் அவளுக்கு அது கேட்கும். கையைக் கடித்துவிட்டு மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று நின்ற இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு, நாமே அக்காவைக் கத்தரிக்கா ஆக்கினோம் என்று தெரியவேண்டுமா?

"மறந்துபோச்சுடி" என்றாள் பெரியவள்.

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. "என்னது?"

"எதுக்காகப் பேசாம இருந்தேன்னு மறந்துபோச்சு. ஏதோ சின்ன விஷயம்தான். நினைச்சு நினைச்சுப் பாத்தேன், வரமாட்டேங்குது."

சின்னவளின் முகம் சிவந்தது. குச்சியைக் கவுண்டரில் எறிந்தாள். அடுத்த கவுண்டர் பெண்ணெல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வெடித்தாள்.

"மறந்துபோச்சா! ரெண்டு வருஷம்! என் கல்யாணத்துல எல்லாரும் பேசுறாங்க, நீ இமையைத் தட்டுற! ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அப்பா மூஞ்சியைப் பாத்துட்டு நான் அழுதுட்டுப் போறேன்! மறந்துபோச்சாம்! உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? நீயெல்லாம் ஒரு அக்காவா? கல்லு! கல்லுடி நீ!" சொல்லிக்கொண்டே தோளில் ஓர் அடி வைத்தாள். இன்னொன்று வைத்தாள். மேனேஜர் பேச்சை விட்டுவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். கட்டுப்பாடு அவர் கண்ணெதிரே உதை வாங்கிக்கொண்டிருந்தது.

பெரியவள் ஓர் அடியைக்கூடத் தடுக்கவில்லை. திட்டு, இன்னும் திட்டு என்றிருந்தது அவளுக்கு. இந்தக் குரல் தன்னைப் பார்த்து, தனக்கே தனக்கென்று பேசிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! இரண்டு வருடம் தன் பக்கம்தான் நியாயம் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அது இப்போது எதிராளி பக்கம் முழுசாகப் போய்விட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டாள். விட்ட பிறகு மூச்சு விடுவது சுலபமாக இருந்தது.

சின்னவள் டிஷ்யூவில் மூக்கைச் சிந்தினாள். கண்ணாடியை எடுத்து அக்காவின் முன் வைக்கப் போனவள், வைக்காமல் தானே ஒருமுறை அவள் உதட்டை உற்றுப் பார்த்தாள். கோபத்துக்கு நடுவிலும் தொழில் விடவில்லை.

"நான் சொல்லல? செம்பு எப்படி மினுக்குது பாரு" என்றாள், விசும்பிக்கொண்டே கண்ணாடியை அக்காவின் பக்கம் திருப்பி. உடனே கோபத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "பாத்துட்டீல்ல, கிளம்பு. இனிமே உன் கூட நான்தான் பேச மாட்டேன். ரயிலடிக்கும் நீ வர வேணாம். அப்பா மட்டும் வந்தாப் போதும்."

"சரி, வரல."

"வராமலே இருந்துடுவியா?"

"எத்தனை மணிக்கு ரயில்?"

"சொல்லமாட்டேன்" என்றாள் சின்னவள். டிஷ்யூக்களை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள், கோணல்மாணலாக. கொஞ்சநேரம் கழித்து, மடித்த டிஷ்யூவைப் பார்த்துக்கொண்டே, "ஆறரைக்கு. அஞ்சு மணிக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பணும்" என்றாள். "நீ இன்னிக்கு யார் ரூமுக்கோ போறியாமே, அப்பா சொன்னாரு."

"போகல. வீட்டுலதான் இருப்பேன்."

"அவர் அப்பாகூடக் கூடத்துல படுத்துக்குவாரு" என்றாள் சின்னவள்.

இடைவேளை முடிந்துவிட்டது. எதிரே, பெரியவளின் கவுண்டரில் யாரோ கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பெரியவள் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. வேலை முடிய இன்னும் நாலு மணி நேரம், பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் ஒரு மணி நேரம், அப்புறம் அந்தப் பழைய கட்டிலில் விடியும்வரை. மனசுக்குள் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். இரண்டு வருடப் பேச்சுக்கு அது எந்த மூலைக்குக் காணும்?